மறதி என்றால் முதலில் காதைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுப் பெரியவர் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டால், "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறார்கள். இல்லையென்றால் ஞாபகசக்தி டானிக் ஒன்று வாங்கி வருகிறார்கள். காது சரியாகக் கேட்கிறதா என்று பார்ப்பவர்கள் மிகக் குறைவு. காதில் முழுதாக விழாத சொல் மூளையில் பதிவதே இல்லை. பாதி கேட்டு மீதியை ஊகிப்பதிலேயே கவனமெல்லாம் செலவாகிவிடுவதால், கேட்டதும் தங்குவதில்லை. நாளடைவில் பேச்சே வேண்டாம் என்று அவர் ஒதுங்கிக்கொள்கிறார். மூளைக்கு இருந்த வேலையும் அத்தோடு போய்விடுகிறது.

லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கை, முதுமை மறதி நோய்க்கான 14 காரணிகளைச் சரிசெய்தால் ஏறத்தாழ 45 விழுக்காடு பாதிப்பைத் தடுக்கலாம் அல்லது தள்ளிப்போடலாம் என்கிறது. அதில் முன்வரிசையில் இருப்பது செவித்திறன் குறைவு. அமெரிக்காவில் 70 முதல் 84 வயது வரையுள்ள 977 பேரிடம் காது மெஷின் பற்றி மூன்றாண்டுகள் நடந்த ஆய்வின் முடிவு 2023இல் வந்தது. காது மெஷினால் எல்லோருக்கும் பலன் கிடைத்துவிடவில்லை. ஆனால், மறதி வரும் அபாயம் கூடுதலாக இருந்தவர்களிடம் சிந்தனைத்திறன் சரிவது 48 விழுக்காடு மெதுவானது.

முதலில் குறும்பி அடைத்திருக்கிறதா என்று மருத்துவரிடம் பார்க்க வேண்டும். பட்ஸ், ஊக்கு, கோழி இறகு எதுவும் வேண்டாம். அவை குறும்பியை இன்னும் உள்ளே தள்ளும். சொட்டு மருந்தை மூன்று முதல் ஐந்து நாள் காதில் விட்டு இளக்கினால் எளிதாக எடுத்துவிடலாம். அதன் பிறகும் மந்தமாக இருந்தால் செவித்திறனை அளக்கும் ஆடியோகிராம் எடுக்க வேண்டும். இந்தச் சோதனை இல்லாமல் கடையில் வாங்கும் மலிவு மெஷின், மின்விசிறி இரைச்சலையும் பேச்சையும் ஒன்றாகவே உரக்கக் காட்டும். அது நாலே நாளில் மேசை இழுப்பறைக்குப் போய்விடும்.

சரியான மெஷினும் பழக்கமின்மையால்தான் வீணாகிறது. முதல் வாரம் அமைதியான அறையில், ஒருவரிடம் மட்டும் பேசும்போது, நாளுக்கு ஒன்றிரண்டு மணி நேரம் போட்டால் போதும். பிறகு நேரத்தைக் கூட்டிக்கொண்டே போகலாம். சந்தைக்கும் கல்யாண வீட்டுக்கும் கடைசியில். பொத்தான் பேட்டரியின் ஸ்டிக்கரை உரித்த பின் காற்று புக ஒரு நிமிடம் விட்டுப் போட வேண்டும். உரித்த பேட்டரி, பயன்படுத்தாவிட்டாலும் தீர்ந்துகொண்டேதான் இருக்கும். இரவில் பேட்டரி மூடியைத் திறந்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் டப்பாவில் வையுங்கள். "மெஷின் போச்சு" என்று கொண்டுவரப்படுபவற்றில் பலவும் குறும்பி அடைத்தவைதான். இன்னொன்று: கத்திப் பேசாதீர்கள். முகம் தெரிய எதிரே உட்கார்ந்து, நிதானமாகப் பேசுங்கள்.

காதுக்கு அடுத்தது மாத்திரைப் பை. சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும், நெஞ்செரிச்சலுக்கு ஒமிப்ரசோல் வகையும் ஆண்டுக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். மரக்கறி மட்டும் உண்பவர்களுக்கு இன்னும் அதிகமாக. ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு; அதுவும் மறதியைத் தரும். வெறும் ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் ரத்தசோகை தெளியும், நரம்புச் சேதம் மறைவாகத் தொடரும். தைராய்டையும் சோடியத்தையும் கூடவே பார்த்துவிடலாம். சளிக்கு வாங்கும் குளோர்பெனிரமின், தூக்கத்துக்கான அல்பிரசோலம் இரண்டும் நினைவை மழுங்கடிக்கும். ஆனால், தூக்க மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். மருத்துவர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். ஓரிரு நாளில் திடீரென வந்த குழப்பத்தை மறதி என்று எண்ணிக் காத்திருக்காதீர்கள். சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம். கீழே விழுந்து சில வாரம் கழித்து வந்தால், தலைக்குள் ரத்தம் கசிந்திருக்கலாம்.

மூளைக்குப் பயிற்சி என்றால் குறுக்கெழுத்து மட்டும் போதாது. நாள்தோறும் அதையே போட்டால் குறுக்கெழுத்தில்தான் தேர்ச்சி வரும். நினைவிலிருந்து எடுக்கப் பழக வேண்டும். நாளிதழில் ஒரு செய்தியைப் படித்து, மடித்து வைத்துவிட்டு, யார், எங்கே, எத்தனை என்று அரை மணி கழித்தும் இரவிலும் யாரிடமாவது சொல்லிப் பார்க்கலாம். புதிய பெயரை ஒரு நிமிடம், ஐந்து நிமிடம், அரை மணி, மறுநாள் என இடைவெளி கூட்டி நினைவுகூரலாம். தவறினால் விடையை உடனே சொல்லி, முந்தைய இடைவெளிக்குத் திரும்ப வேண்டும். மறதி நோய் வந்துவிட்டவரிடம் மட்டும் "நான் யாருன்னு சொல்லுங்க" என்று சோதிக்காதீர்கள். "உங்க பேத்தி வந்திருக்கேன்" என்று நாமே சொல்லிவிடுவதுதான் மரியாதை.

2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலர்கள் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளோடு வீடு தேடிப் போகிறார்கள். அவர்கள் காது பற்றி இரண்டு கேள்வி கேட்கவும், மந்தமானவரை ஆடியோகிராமுக்கு அனுப்பவும் அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள முதியோருக்கு மத்திய அரசின் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டத்தில் காது மெஷின் இலவசமாகக் கிடைக்கும் என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம்.

முதியோர் நல மருத்துவர்,
மதுரை.