வாழ்த்துக்கு ஒரு திண்ணை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வாட்ஸ்அப் குழுக்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 'குழுவுக்குச் சம்பந்தமில்லாததைப் போடாதீர்கள்' என்று சொல்லிக்கொண்டே இருக்கும் நிர்வாகிகளைக் கட்டுரையாளர் கடுமையாகச் சாடியிருந்தார். நாலு பேர் கூடினால் பேச்சு நாலு பக்கம் போகத்தான் செய்யும் என்கிறார். போகட்டும், நானும் மறுக்கவில்லை. ஆனால் எந்த இடத்தில், எந்த நேரத்தில் என்று பார்க்க வேண்டாமா? கும்பகோணம் பக்கத்தில் ரத்த தானத்துக்கென்று ஒரு குழுவைப் பல வருடங்களாக நடத்தி வருபவன் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் குழுவில் இருநூறு பேருக்கு மேல் இருக்கிறோம். ரத்தம் தேவைப்பட்டால் என்ன வகை, எத்தனை யூனிட், எந்த மருத்துவமனை, கூட இருப்பவரின் போன் நம்பர், தேதி இவ்வளவும் போட வேண்டும். ரத்தம் கொடுத்தாகிவிட்டால் 'கிடைத்துவிட்டது' என்று ஒரு வரி. வேறெதுவும் வேண்டாம் என்றுதான் ஆரம்பத்தில் பேசிக்கொண்டோம்.

ஆறு மாதம் ஒழுங்காகப் போனது. அப்புறம் ரோஜாப்பூ படத்தோடு காலை வணக்கம் வந்தது. பிறந்தநாள் வாழ்த்து, கும்பாபிஷேகப் பத்திரிகை, துக்கச் செய்தி, தேர்தல் சமயத்தில் கட்சிப் பிரசாரம் என்று ஒவ்வொன்றாக நுழைந்தன. யாரும் கெட்ட எண்ணத்தில் போடவில்லை. ஆனால் நாள் முழுக்க மணியடிக்கும் போனை எத்தனை பேர் பொறுத்துக்கொள்வார்கள்? வெளியேறினால் தப்பாக நினைப்பார்களே என்று பலர் உள்ளே இருந்துகொண்டே குழுவின் சத்தத்தை அணைத்துவிட்டார்கள். எட்டு மணி நேரம், ஒரு வாரம், எப்போதும் என்று மூன்று வழி காட்டுமே, அதில் 'எப்போதும்'. யார் அணைத்திருக்கிறார் என்பது நிர்வாகிக்குத் தெரியாது. இருநூறு பேர் இருக்கிறார்கள் என்ற நம்பிக்கையில் நான் இருந்தேன்.

ஒரு ஐப்பசி மழை நாள், இரவு ஒன்பது மணி இருக்கும். பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காத ஒரு பெண்ணுக்கு ஓ நெகட்டிவ் இரண்டு யூனிட் வேண்டும் என்று செய்தி வந்தது. நம் நாட்டில் நூறு பேரில் ஐந்தாறு பேருக்குத்தான் நெகட்டிவ் வகை. அதிலும் ஓ நெகட்டிவ் இன்னும் குறைவு. அவர்கள் மற்ற வகைக்காரர்களுக்குக் கொடுக்கலாம். அவர்களுக்கு ஒன்று என்றால் இன்னொரு ஓ நெகட்டிவ்காரர்தான் வர வேண்டும். வந்து கொடுத்தாலும் உடனே ஏற்றிவிட முடியாது. எச்.ஐ.வி., மஞ்சள்காமாலை பி, சி, சிபிலிஸ், மலேரியா என்று ஐந்து சோதனை முடிய வேண்டும். அதனால்தான் அரைமணி நேரம்கூடப் பெரிய விஷயம்.

அன்றைக்கு எங்கள் உறுப்பினர் ஒருவருக்கு அறுபதாம் கல்யாணம். ரத்தம் கேட்ட செய்திக்குக் கீழே மாலையும் கழுத்துமாகப் படங்கள், அதற்குக் கீழே முப்பத்தெட்டு வாழ்த்துகள். அந்த ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு ஓ நெகட்டிவ் தம்பி குடியிருக்கிறார். அவர் செய்தியைப் பார்த்தது மறுநாள் காலை ஆறு மணிக்கு. நேராக என் வீட்டுக்கு வந்து போனை நீட்டினார். "வாழ்த்தாத்தான் இருக்கும்னு விட்டுட்டேண்ணே" என்றவருக்கு அதற்கு மேல் பேச்சு வரவில்லை. ரத்தம் திருச்சியிலிருந்து விடியற்காலை மூன்று மணிக்குக் காரில் வந்து சேர்ந்திருந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

கட்டுரையாளர் இந்த இரவை என்னோடு இருந்து பார்த்திருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பார் என்று நினைக்கிறேன். உறுப்பினர் போடும் பதிவுக்கு நிர்வாகி பொறுப்பாக மாட்டார் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022இல் சொன்னது. சட்டத்துக்கு அது சரி. என்னால் அன்றைக்கு அப்படி நினைக்க முடியவில்லை.

ஆனால் அதன் பிறகு நான் செய்தது தவறு. காலை வணக்கம் போடுகிற பெரியவரின் பெயரைக் குறிப்பிட்டு, எல்லோருக்கும் முன்னால் குழுவிலேயே கண்டித்தேன். ஓய்வுபெற்ற தபால்காரர் அவர். எங்கள் குழுவில் முப்பது பேரையாவது சேர்த்துவிட்டவர். ஒரு வார்த்தை பேசாமல் வெளியேறினார். குழுவே இரண்டாகப் பிரிந்து சண்டை. 'ரத்தம் வேண்டும்போது மட்டும் சொந்தம், மற்ற நேரத்தில் வாயை மூடு என்றால் எவன் வருவான்?' என்று ஒருவர் எழுதினார். அந்தக் கேள்வி எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. ரத்தம் கொடுக்க வருகிறவர் ஒரு விதியைப் படித்துவிட்டு வருவதில்லை. தெரிந்த முகம் கூப்பிட்டால் வருகிறார். தெரிந்த முகமாக ஆவது இந்த வாழ்த்துகளாலும் விசாரிப்புகளாலும்தானே.

பெரியவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "நேர்ல சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார், அவ்வளவுதான். இப்போது எங்களுக்கு இரண்டு குழுக்கள். ஒன்றில் நிர்வாகிகள் ஐந்து பேர் மட்டுமே செய்தி போட முடியும். ரத்தத் தேவை மட்டும் வரும். அதில் மணியடித்தால் எல்லோரும் எடுத்துப் பார்க்கிறார்கள். இன்னொன்றுக்குத் 'திண்ணை' என்று பெயர். பூ, பிறந்தநாள், அரசியல், எதுவும் அங்கே பேசலாம். பெரியவர் அங்கே தினமும் காலை வணக்கம் போடுகிறார். ரத்தச் செய்தி வந்தால் தட்டச்சு செய்துகொண்டிருக்காமல், தெரிந்தவர்களுக்கு வரிசையாகப் போன் போட்டுவிடுகிறார்.

சண்டை முழுக்கத் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ரத்தம் கொடுத்தவருக்கு நன்றி சொல்வது எந்தக் குழுவில் என்று இன்னும் முடிவாகவில்லை. நான் 'திண்ணை'யில் என்கிறேன். கொடுத்தவர் படத்தை எல்லோரும் பார்த்தால்தான் அடுத்தவர் வருவார் என்கிறார்கள் சிலர். பச்சை குத்தியவர் ரத்தம் கொடுக்கலாமா என்று ஒருவர் கேட்டபோதும் இதே குழப்பம். ஒரு வருடம் பொறுக்க வேண்டும் என்று பதில் சொல்லிவிட்டு, இதை எங்கே போடுவது என்று அரைமணி நேரம் பேசினோம். இந்த மாதிரி எல்லைக் கேள்விகளுக்கு எந்த நிர்வாகியிடமும் தயாராக விடை இருக்காது. அதற்காக எல்லையே வேண்டாம் என்றால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

உங்கள் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். தேதி இல்லாத ரத்தச் செய்தியை யாருக்கும் அனுப்பாதீர்கள். இரண்டு வருடத்துக்கு முன் முடிந்துபோன தேவை இன்றைக்கும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்த நம்பரில் எடுப்பவர், தன் தாயை இழந்த மகன். ஒவ்வொரு அழைப்புக்கும் அவர் அதையே திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கும்பகோணம்.