தக்கைப்பூண்டு விதை ரெண்டு சாக்கு

தேரூர்
ஐப்பசி 20

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் வந்தது. மருமகளுக்குப் பிரசவம் நல்லபடியாக முடிந்ததில் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். இங்கே இரண்டாம் போகமான கும்பப்பூ நெல் நடவு ஆயிற்று. மழை விட்டால்தான் களையெடுப்பு.

"உரக்கடைக்குப் போகாமல் ஒரு பூவாவது, ஒரு போகமாவது விளைவித்துக் காட்டு" என்று எழுதியிருந்தாய். போன பங்குனியில் நடந்ததைக் கேள். பசுந்தாள் உரத்துக்கென்று ரெண்டு சாக்கு தக்கைப்பூண்டு விதை வாங்கினேன். ஏக்கருக்கு 20 கிலோ. கும்பப்பூ அறுத்தபின் வயல் சும்மாதானே கிடக்கிறது. 45 நாளில், பூக்கும் சமயம் மடக்கி உழுதால் யூரியா கொஞ்சம் மிச்சம். பேச்சிப்பாறை அணையை அடைத்த பிறகு கால்வாயில் தண்ணீர் ஏது? கோடைமழையை நம்பி விதைத்தேன். மழையும் பெய்தது, பூண்டும் இடுப்பளவு வந்தது. ஒரு ராத்திரி யார் வீட்டு மாடுகளோ இறங்கிவிட்டன. விடியப் போய்ப் பார்த்தால் குச்சி குச்சியாக நிற்கிறது, கடித்த நுனியில் எச்சில்கூடக் காயவில்லை. யாரிடம் போய்ச் சண்டை போட? அறுத்த வயலில் எவர் மாடும் மேயும். வேலி கட்டினால் என்னைத்தான் சிரிப்பார்கள். மிஞ்சினதை உழுதுவிட்டேன்.

இது சொந்த வயல் கதை. பாட்டத்துக்கு, குத்தகைக்கு எடுத்த ஒன்றரை ஏக்கரில் விதைக்கவே இல்லை. ஒரு சாக்கு அப்படியே மச்சில் கிடக்கிறது. நிலத்துக்காரர் சென்னையில். குத்தகை பூவுக்குப் பூதான் பேச்சு. பக்கத்து வயலில் தென்னங்கன்று வைத்தாயிற்று, அதற்கடுத்ததில் மண்ணடித்து வீட்டுமனைக் கல் நட்டிருக்கிறார்கள். வீட்டுக்காரி ஒன்றுதான் கேட்டாள்: "அடுத்த பூ நமக்கு உண்டா?" என்னிடம் பதில் இல்லை. யூரியா போட்டால் இந்தப் பூவிலேயே தெரியும், மண் தேற மூணு வருசம் வேண்டும். யூரியா மூட்டையைத்தான் தூக்கினேன். புத்தி சொல்ல வருகிறவர்கள் மண்ணைச் சோதிக்கச் சொல்கிறார்கள், பத்திரம் யார் பேரில் என்று ஒருத்தரும் கேட்பதில்லை.

பழைய நாட்டு நெல் ரகம் போடச் சொன்னாய். முதல் போகமான கன்னிப்பூவுக்கு இந்த வயல்பத்து முழுக்க அம்பை 16 ரகம், நாலு மாசத்துக்குள் அறுப்பு மெஷின் வந்துவிடும். நான் மட்டும் வயது கூடின நெல் போட்டால் எனக்காக மறுபடி வருமா? வந்தாலும் அடுத்தவன் நாற்றின் மேல் ஏறித்தான் வரவேண்டும். அதற்குள் ஊர் எலியும் கிளியும் என் வயலில்தான் பந்தி.

உன் பாடு வேறு. 2017-இல் ஒக்கி உன் ரப்பரைச் சாய்த்தபோது, ஏழு வருசம் பால் கிடையாது என்று தெரிந்தே மறுபடி ரப்பர் வைத்தாய். ஊடே ஏத்தன் வாழையும் கைதச்சக்கை என்கிற அன்னாசியும் போட்டுச் சமாளித்தாய். துணிச்சல்காரன் என்று பேர் வாங்கினாய். பட்டாவும் இருந்தது, மக்கா.

நிலத்துக்காரர் பொங்கலுக்கு ஊருக்கு வருகிறாராம். மூணு வருசத்துக்குச் சேர்த்து எழுதித் தரக் கேட்கப்போகிறேன். நீ கூட வா, உன் பேச்சு அவரிடம் எடுபடும். வரும்போது ரெண்டு கைதச்சக்கை கொண்டுவா. மற்றவை நேரில்.

உன் பழைய பெஞ்சுக்காரன்