குளிப்பாட்டும் வண்டிக்கும் சட்டத்தில் ஓர் இடம் கொடுங்கள்

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்திலும் தமிழ்நாடு போக்குவரத்துத் துறையிலும் பொறுப்பில் இருக்கும் மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். குட்டி யானை என்று சொல்லப்படும் எங்கள் சின்னச் சரக்கு வண்டிக்கு இந்த முறை எஃப்.சி., அதாவது சாலையில் ஓடத் தகுதியானது என்ற சான்று, கிடைக்கவில்லை. பிரேக்கில் குறை இல்லை, விளக்குகள் எல்லாம் எரிகின்றன, டயர்கள் புதியவை. பின்னால் ஒரு தண்ணீர்த் தொட்டி, அதைத் தாங்கும் இரும்புச் சட்டம், சுற்றிலும் திரை கட்டுவதற்கான கம்பிகள் இருக்கின்றன. அதுதான் காரணம். ஆர்.சி. என்ற பதிவுப் புத்தகத்தில் சரக்கு வாகனம் என்று இருக்கிறது, எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிட்டுப் பழையபடி கொண்டுவாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்படிச் சொன்ன அலுவலர் மீது எங்களுக்கு வருத்தமில்லை. அவர் கையில் இருக்கும் விதிப்படி அவரால் வேறு எதுவும் செய்திருக்க முடியாது. விதியை எழுதும் இடத்தில் இருப்பவர்கள் நீங்கள் என்பதால் உங்களுக்கு எழுதுகிறோம்.

சாலையோரத்தில் கிடக்கும் ஆதரவற்றவர்களைக் குளிப்பாட்டி, முடியும் நகமும் வெட்டி, புண்ணைக் கழுவிக் கட்டி, மாற்றுடை கொடுப்பதுதான் அந்த வண்டியின் வேலை. இதுபோன்ற வண்டிகளைப் பல ஊர்களில் தன்னார்வலர்கள் ஓட்டுகிறார்கள். திருவண்ணாமலை கிரிவலப் பாதையிலும், பழனி அடிவாரத்திலும், ராமேசுவரத்திலும் வீட்டார் கைவிட்ட முதியவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். யாரிடமும் நாங்கள் ஒரு ரூபாய் வாங்குவதில்லை. டீசலுக்கு ஆளாளுக்குப் போட்டுக்கொள்கிறோம்.

எஃப்.சி. இல்லாமல் வண்டியின் ஓட்டம் நின்றதும் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தே போனோம். பேருந்து நிலையத்துக்கு வெளியே ஒரு பெரியவர், காலில் புழு வைத்த புண்ணோடு கிடந்தார். பக்கத்து டீக்கடைக்காரர் குழாயைத் திறந்துவிட்டார், தண்ணீர் கிடைத்துவிட்டது. ஆனால் பெரியவர் வேட்டியை அவிழ்க்க மறுத்துவிட்டார். இத்தனை பேர் போகிற வழியில் எப்படி அவிழ்ப்பேன் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். புழு அரிப்பதைத் தாங்கிக்கொண்டவரால் அதைத் தாங்க முடியவில்லை. வண்டியின் திரைக்குள் என்றால் கால் மணி நேரத்தில் முடிந்திருக்கும். காலை மட்டும் கழுவிக் கட்டுப் போட்டுவிட்டு வந்தோம். மேலே இருந்த புண்களை எங்களால் பார்க்கவே முடியவில்லை.

ஆணுக்கே இப்படி. பெண்களுக்கான வேலை அடியோடு நின்றுவிட்டது. மனநலம் குன்றிய ஒரு பெண், மாதவிலக்கு நாளில் கறை படிந்த அதே துணியோடு நடைபாதையில் உட்கார்ந்திருக்கிறாள். எங்கள் குழுவில் உள்ள அக்காக்கள் கையில் மாற்றுத்துணி இருக்கிறது, மாற்றிவிட ஒரு மறைப்பு இல்லை. எஃப்.சி.க்காக நாங்கள் வெட்டி எடுக்க வேண்டிய கம்பிகள் அந்த மறைப்புக்கானவை. இதை நீங்கள் தயவுசெய்து நினைத்துப் பார்க்க வேண்டும்.

சட்டம் தெரியாமல் பேசவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு வண்டியின் அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ கிடைக்கலாம். ஆக, கம்பியை வெட்டி எஃப்.சி. வாங்கிவிட்டு மறுநாள் திரும்ப வெல்டிங் வைத்தால் நாங்கள் குற்றவாளிகள். அப்படிச் செய்துகொள்ளுங்கள் என்று எங்களுக்குச் சொன்னவர்கள் நிறையப் பேர். சேவை செய்யப் போகும் வண்டியை ஒளித்து ஓட்ட எங்களுக்கு விருப்பமில்லை.

அதே 52ஆம் பிரிவில் இன்னொன்றும் இருக்கிறது. குறிப்பிட்ட ஒரு நோக்கத்துக்காக வண்டியை மாற்றியமைக்க மத்திய அரசு விலக்கு அளிக்கலாம் என்கிறது அது. 66ஆம் பிரிவோ, மாநில அரசு வரையறுக்கும் பொதுநோக்கத்துக்கு ஓடும் வண்டிக்குப் பெர்மிட் வேண்டாம் என்கிறது. ஆம்புலன்ஸுக்கு ஏஐஎஸ் 125 என்று தனித் தரவிதியே இருக்கிறது, 2018 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. சடலத்தை மட்டுமே ஏற்றிச்செல்லும் வண்டிக்கும் 66ஆம் பிரிவில் பெர்மிட் விலக்கு உண்டு. உயிருக்குப் போராடுகிறவரை ஏற்றும் வண்டிக்கு இடம் இருக்கிறது, இறந்தவரை ஏற்றும் வண்டிக்கும் இடம் இருக்கிறது. உயிரோடு தெருவில் அழுகிக்கொண்டிருப்பவரைக் கழுவி எடுக்கும் வண்டிக்கு மட்டும் இல்லை. அந்த இடத்தைத்தான் கேட்கிறோம். கட்டணம் வாங்காமல் ஓடும் சேவை வண்டிகளுக்கென்று தனி வகை ஒன்றை உருவாக்குங்கள்.

பாதுகாப்பு வேண்டாம் என்று நாங்கள் ஒருநாளும் சொல்ல மாட்டோம். 500 லிட்டர் தண்ணீர் என்றால் அரை டன். பாதி நிரம்பிய தொட்டியோடு வேகமாக வளைவில் திரும்பினால் தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்ந்து சின்ன வண்டியைக் கவிழ்த்துவிடும். தொட்டிக்குள் தடுப்புத் தகடு வேண்டும், அதைத் தாங்கும் இரும்புச் சட்டம் வண்டியின் அடிச்சட்டமான சேசிஸோடு சரியாகப் பிணைந்திருக்க வேண்டும். உணவு வழங்கும் குழுக்களின் வண்டிகளில் கேஸ் சிலிண்டரும் போகிறது, அது இன்னும் ஆபத்தானது. இதையெல்லாம் இப்போது லேத் பட்டறைக்காரர் தன் அனுபவத்தை வைத்துத்தான் செய்து தருகிறார். உங்களிடம் பொறியாளர்கள் இருக்கிறார்கள். தொட்டி எப்படிப் பொருத்த வேண்டும், எவ்வளவு எடை தாங்கும், சிலிண்டர் எங்கே இருக்கலாம் என்று ஒரு மாதிரி வரைபடம் வெளியிடுங்கள். அதன்படி அப்படியே செய்துகொண்டு வந்து நிற்கிறோம், எத்தனை முறை வேண்டுமானாலும் சோதித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கட்டணம். எங்களுடையது கைமாறி வந்த வண்டி, 20 வயதை நெருங்குகிறது. 2025 நவம்பரில் வந்த அறிவிக்கைப்படி 20 ஆண்டு தாண்டிய இலகு ரக வண்டிக்கு எஃப்.சி. கட்டணம் 15,000 ரூபாய், கனரக லாரி, பேருந்து என்றால் 25,000. எட்டு வயதைக் கடந்த வண்டி ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும் என்பதால், இது ஆண்டுதோறும் வரும் செலவு. எஃப்.சி. காலாவதியானால் நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம் வேறு. புகை கக்கும் பழைய வண்டிகள் சாலையை விட்டுப் போகட்டும் என்ற நோக்கம் நியாயமானதுதான். ஆனால் வாடகைக்கு ஓடிச் சம்பாதிக்கும் வண்டிக்கும் உண்டியல் காசில் ஓடும் வண்டிக்கும் ஒரே தொகையை வைத்தால், புது வண்டி வாங்க வழியில்லாத குழுக்கள் சேவையை நிறுத்திவிடும். தனி வகை வந்தால் தனிக் கட்டணமும் வைக்க முடியும்.

தானியங்கிச் சோதனை நிலையத்தில்தான் எஃப்.சி. என்ற விதியைக் கனரக வண்டிகளுக்கு 2023 ஏப்ரல் முதல் என்று முதலில் அறிவித்தீர்கள். நிலையங்கள் போதவில்லை என்று அது 2024 அக்டோபருக்குத் தள்ளிப்போனது. உங்கள் தரப்பு தயாராகவில்லை என்றால் நாடு முழுமைக்கும் அவகாசம் கிடைக்கிறது. எங்களுக்கு ஒரு வாரம் கேட்டாலும் கிடைப்பதில்லை. இரவில் பின்விளக்கே இல்லாமல், அளவுக்கு மீறி எம்-சாண்ட் ஏற்றிக்கொண்டு டிப்பர் லாரிகள் எங்கள் சாலையில் போகின்றன. அந்தச் சாலையோரத்தில் படுத்திருப்பவர்கள் அடிபட்டும் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கட்டுப் போட்டதும் எங்கள் வண்டிதான். அந்த லாரிகளைத் தடுத்து நிறுத்துவதில் இந்தக் கண்டிப்பைப் பார்த்திருந்தால் எங்கள் மனம் இவ்வளவு கொதித்திருக்காது.

சரி, கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மத்திய அமைச்சகம் 52ஆம் பிரிவின் கீழ் விலக்கு அளிக்க வேண்டும், மாநில அரசு எங்கள் பணியைப் பொதுநோக்கமாக வரையறுக்க வேண்டும், கட்டணமில்லாச் சேவை வண்டிகளுக்குத் தனி வகை வேண்டும். அது வரும்வரை, பதிவு பெற்ற அறக்கட்டளைகளின் வண்டிகளுக்கு பிரேக், ஸ்டீயரிங், விளக்கு, டயர், எடை ஆகியவற்றைச் சோதித்துத் தற்காலிகமாக எஃப்.சி. கொடுக்க அலுவலகங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். வரைபடம் தயாரிக்கும்போது கூப்பிட்டால் வண்டியோடு வருகிறோம், இதே பணியில் உள்ள மற்ற ஊர்க்காரர்களையும் அழைத்துவருகிறோம். மழைக்காலம் தொடங்குவதற்குள் ஒரு பதில் தந்தால் உதவியாக இருக்கும். ஈரத்தில் புண்கள் சீக்கிரம் முற்றிவிடுகின்றன.

இப்படிக்கு,
சாலையோர ஆதரவற்றோருக்குப் பணி செய்யும் தன்னார்வலர்கள் சார்பாக ஒருவர்