மாதிரி விமானச் சங்கம்: 2024ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, போசகர் அவர்களே, வருகை தந்திருக்கும் உறுப்பினர்களே, வராத உறுப்பினர்களே (அறிக்கையின் பிரதி அவர்களுக்கும் அனுப்பப்படுகிறது),

சங்க யாப்பின்படி செயலாளர் ஆண்டுக்கொருமுறை அறிக்கை சமர்ப்பிக்க வேண்டும். சமர்ப்பிக்கிறேன்.

மாதாந்தக் கூட்டங்கள் வழமைபோல் நான்காம் ஞாயிறு காலை 10 மணிக்கு வெள்ளவத்தை மண்டபத்தில் நடைபெற்றன. செப்டெம்பர் 22ஆம் திகதிக் கூட்டம் மட்டும் நடைபெறவில்லை. ஜனாதிபதித் தேர்தலுக்கு மறுநாளான அன்று நண்பகல் வரை ஊரடங்குச் சட்டம் அமுலில் இருந்தது. அன்று வரமுடியாமற்போனதற்குக் காரணம் கேட்டு எவருக்கும் கடிதம் அனுப்பவில்லை. மற்றைய மாதங்களில் ஊரடங்கு எதுவும் இருக்கவில்லை என்பதை மட்டும் பதிவுசெய்கிறேன். கூட்டங்கள் நடைபெற்றன என்றால், மண்டபம் திறக்கப்பட்டது, மின்விசிறி சுழன்றது, நான் இருந்தேன். ஓகஸ்ட் மாதம் கோரத்துக்கு (கூட்டம் நடத்தத் தேவையான ஆள் எண்ணிக்கைக்கு) ஒருவர் குறைந்தபோது, தேநீர் கொண்டுவந்த தம்பியைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று உபதலைவர் கேட்டார். யாப்பு அதற்கு இடமளிக்கவில்லை.

சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடல் இனிதே நடந்தது. பம்பலப்பிட்டியில் பாடசாலை மண்டபம் ஒன்றில் வைத்த கண்காட்சியைப் பிள்ளைகள் பலர் பார்த்தனர். ஒரு மிக் போர்விமான மாதிரியின் முன்சக்கரம் காணாமற்போனது, திரும்பக் கிடைக்கவில்லை. மறைந்த மூத்த உறுப்பினர் ஒருவருக்கு மௌன அஞ்சலி செலுத்தப்பட்டது.

இனி, சங்கம் 1/24 அளவில், அதாவது உண்மையின் இருபத்துநான்கில் ஒரு பங்காக, செய்துவரும் பேலியோல் விமான மாதிரி.

அரையாண்டுக் கூட்டத்தில் ஒரு கேள்வி எழுந்தது. 1/24 அளவில் ஸ்பிட்பயர் போர்விமானம் ஒட்டிச் சேர்க்கும் பாகங்களாகப் பெட்டியோடு கடையில் கிடைக்கும்போது, எவருக்கும் தெரியாத ஒரு விமானத்துக்கு ஏன் சங்கப் பணத்தைச் செலவழிக்க வேண்டும் என்று கேட்டார்கள். கேட்டவர் இன்று வரவில்லை. இருந்தாலும் பதில் சபைக்கு உரியது.

மாதிரி விமானப் பெட்டிகள் செய்யும் எயார்ஃபிக்ஸ் நிறுவனம் 1/24 அளவில் முதல் ஸ்பிட்பயரை வெளியிட்டது 1970இல். அதன் பிறகு ஹரிக்கேன், மொஸ்கிற்றோ, டைபூன் என்று வரிசையாக வந்தன. எல்லாம் உலகம் முழுவதும் விற்கக்கூடிய பெயர்கள். பெரிய அளவில் ஓர் அச்சு வெட்டுவதற்கு ஆகும் செலவை எண்ணிப் பார்க்கும் எந்த நிறுவனமும், இரண்டே நாட்டு விமானப்படைகள் வைத்திருந்த ஒரு பயிற்சி விமானத்தின் பக்கம் திரும்பாது. போல்டன் போல் நிறுவனத்தின் பேலியோல் அப்படிப்பட்டது. பிரித்தானியாவுக்கு வெளியே அதை வாங்கிய ஒரே நாடு இலங்கை. 1951இல் தொடங்கப்பட்ட றோயல் சிலோன் விமானப்படைக்கு 12 பேலியோல்கள் வாங்கப்பட்டு, 1953 முதல் இங்கு வந்தன. சிறிய நிறுவனங்கள் 1/72 அளவில் இதை வெளியிட்டதுண்டு. அது மேசையில் வைத்தால் எழுதுகோலுக்குப் பக்கத்தில் மறைந்துவிடும். பெரிய அளவில் வேண்டுமென்றால் நாமே செய்ய வேண்டும். நாம் செய்யாவிட்டால் வேறு எந்த ஊர்ச் சங்கம் செய்யப்போகிறது?

எவருக்கும் தெரியாத விமானம் என்பதையும் நான் ஏற்கவில்லை. பேலியோல் முதலில் சுழல்விசை எஞ்சினுக்காகவே (ஜெட் விசையாழியால் உந்துசுழலியைச் சுழற்றும் டர்போப்ரொப்) வரையப்பட்டது. ஒற்றைச் சுழல்விசை எஞ்சினோடு உலகில் முதலாவதாகப் பறந்த விமானம், 1948இல் மாம்பா எஞ்சினுடன் எழுந்த பேலியோலின் முன்மாதிரிதான். போர் முடிந்து மெர்லின் என்ற பிஸ்ரன் எஞ்சின்கள் தாராளமாகக் கிடைத்ததால், படைக்கு வந்த விமானங்களுக்கு மெர்லினையே பொருத்தினார்கள். மிச்சத்தை வைத்துக் காரியம் பார்ப்பது நமது சங்கத்துக்குப் புதிதல்ல என்பதால் இந்தத் தகவல் எனக்குப் பிடித்திருந்தது.

அளவெடுக்கும் வேலை இரத்மலானையில் உள்ள விமானப்படை நூதனசாலையில் நடந்தது. அங்கே பேலியோல் காட்சிக்கு இருக்கிறது. 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால் அரைமணி நேரம். இதைக் குறிப்பிடுவதற்குக் காரணம், தூரம் என்று சொல்லித் தவிர்த்தவர்களில் இருவர் தெஹிவளைக்காரர்கள். விமானத்தின் மேல் கைவைக்காமல் அளப்பது எப்படி என்பதைத் துறைமுகத்தில் வேலைசெய்து ஓய்வுபெற்ற நமது ஐயா காட்டினார். இறக்கை நுனிக்கு நேர்கீழே தூக்குக்குண்டை இறக்கி, அது ஆடி நிற்கும்வரை பொறுத்திருந்து, நிலத்தில் ஒட்டிய ஒட்டுநாடாவில் பென்சிலால் புள்ளி வைக்க வேண்டும். மற்ற நுனியிலும் அவ்வாறே. பிறகு அளவுநாடா நிலத்தில்தான் ஓடுகிறது, விமானத்தில் அல்ல. புத்தகங்கள் சொல்லும் 39 அடி 4 அங்குலத்தோடு அது பொருந்தியது. 1/24 என்றால் ஓர் அடிக்கு அரை அங்குலம். நமது விமானத்தின் இறக்கை ஏறத்தாழ 50 சென்ரிமீற்றர், நீளம் 44.6 சென்ரிமீற்றர். நாம் ஒரு மில்லிமீற்றர் தவறினால் உண்மை விமானத்தில் ஏறத்தாழ ஓர் அங்குலம் தவறியதாகும்.

வரைபடம் இருக்கும்போது அளப்பது எதற்கு என்றும் கேட்டார்கள். அச்சில் வந்த சிறிய மூன்றுபக்க வரைபடத்தைப் போட்டோப் பிரதி இயந்திரத்தில் பெருப்பித்தால் அது நீளவாக்கில் ஒருவிதமாகவும் அகலவாக்கில் இன்னொருவிதமாகவும் விரிகிறது. நூதனசாலை அளவுகளை வைத்துத்தான் வரைபடத்தைத் திருத்தினோம். அந்தத் திருத்தம் இல்லாதிருந்தால் வாலும் மூக்கும் வேறுவேறு அளவில் நின்றிருக்கும்.

உடற்பகுதிக்கு மர அச்சு வேண்டும். பல்சா மரத்தின் விலையைக் கேட்டபின் அந்தப் பேச்சு நின்றது. அம்பலாங்கொடையில் முகமூடி செதுக்கும் கதுரு மரம் இலேசானது, உளிக்கு இசைவது. மொறட்டுவையிலுள்ள ஒரு தச்சுப் பாஸ் (கைதேர்ந்த தச்சர்) நமது குறுக்குவெட்டு அட்டைகளை வைத்து இரண்டு பாதிகளாகச் செதுக்கித் தந்தார். அவர் கேட்ட ஒரே கேள்வி, இது மீனா தோணியா என்பதுதான்.

பிளாஸ்ரிக் தகட்டை அந்த அச்சின்மேல் படியவைப்பதுதான் ஆண்டின் பெரும்பகுதியை எடுத்தது. தகட்டைச் சட்டத்தில் இறுக்கிச் சமையலறை அவணில் வைக்க வேண்டும். முதலில் அது சுருங்கி நெளியும், பிறகு இறுகும், பிறகு நடுவில் தொட்டில்போலத் தொய்யும். அந்தத் தொய்வு மூன்று விரல் அளவுக்கு வந்ததும் எடுத்து, துளைகள் இட்ட பெட்டியின்மேல் இருக்கும் அச்சில் கவிழ்த்து, தூசி உறிஞ்சியைப் போட்டால் ஒரே மூச்சில் காற்று இழுபட்டுத் தகடு படியும். சில விநாடி பிந்தினால் மூக்கின் வளைவில் மடிப்பு விழுந்துவிடும், அந்தத் தகடு குப்பைக்குத்தான். கதுரு மரத்தின் நார்க்கோடுகூடப் பிளாஸ்ரிக்கில் பதிந்து தெரிந்ததால், பஞ்சிகாவத்தையில் வாங்கிய மோட்டார் வாகனப் புட்டிப் பசையை அச்சில் பூசித் தேய்த்து மீண்டும் தொடங்கினோம். வீணான தகடுகள் கணக்கில் "கழிவு" என்ற தலைப்பில் உள்ளன. பொருளாளர் அந்தத் தலைப்பை மாற்றச் சொன்னார். நான் மாற்றவில்லை, கழிவு கழிவுதான்.

இறக்கைக்குள் ஓடும் முதுகுச்சட்டம் பழைய தொலைக்காட்சி அன்டெனாவின் அலுமினியக் குழாய். எஞ்சின் ஓர் உறுப்பினரின் அன்பளிப்பு. எயார்ஃபிக்ஸ் 2009இல் வெளியிட்ட 1/24 மொஸ்கிற்றோப் பெட்டியில் இரண்டு மெர்லின் எஞ்சின்கள் உண்டு. தமது மொஸ்கிற்றோவில் ஒரு பக்க மூடியைத் திறக்காமல் ஒட்டிவிடுவதாகச் சொல்லி ஒன்றை நமக்குத் தந்தார். இப்படிப்பட்டவர்களும் இந்தச் சங்கத்தில் இருக்கிறார்கள்.

இன்றைய நிலையில் உடற்பகுதி ஒட்டப்பட்டு, இறக்கை பொருத்தப்பட்டு, வால் தயாராக இருக்கிறது. விமானி அறையின் கண்ணாடிக்கூடும் சக்கரத் தாங்கிகளும் நிறப்பூச்சும் மிச்சம். நிறத்தைப் பற்றி நவம்பர் கூட்டம் முழுவதும் விவாதித்தோம். அதில் மிக உரத்துப் பேசியவர்கள் அரத்தாள் பிடித்துப் பார்த்ததில்லை.

இவ்வேலைக்குப் பெயர் கொடுத்தவர்கள் பதினெட்டுப் பேர். தொடர்ந்து வந்தவர்கள் ஐந்து பேர். அவர்களில் ஒருவர் எழுபது வயதைக் கடந்தவர், இன்னொருவர் உயர்தரப் பரீட்சை எழுதும் மாணவி. ஏனையோர் வட்ஸ்அப்பில் ஒவ்வொரு படத்துக்கும் தவறாமல் கட்டைவிரல் காட்டினார்கள். அந்தக் கட்டைவிரல்கள் ஒரு ஞாயிறாவது அரத்தாளைப் பிடித்திருந்தால் பேலியோல் இன்று இந்த மேசையில் நின்றிருக்கும். செயலாளர் தன் வீட்டு அலுமாரிக்கு விமானம் செய்கிறார் என்று பேசப்படுவதாகவும் அறிந்தேன். விமானம் என் வீட்டில் இருப்பது உண்மை. மண்டபத்தில் சனிக்கிழமை நடன வகுப்பு, சுபமுகூர்த்த நாட்களில் கலியாணம். ஈரப்பசை காயாத இறக்கையை மணவறைக்குப் பின்னால் வைக்கச் சம்மதிக்கும் உறுப்பினர் எவரேனும் இருந்தால் எழுந்து நிற்கலாம்.

சந்தா பற்றி. மாதச் சந்தா 250 ரூபா என்பது 2019இலிருந்து மாறவில்லை. அதற்குப் பிறகு இந்த நாட்டில் மாறாத விலை வேறு எது என்று எனக்குத் தெரியவில்லை. 2022இல் பொருளாதார நெருக்கடியால் கஷ்டம், ஒத்துக்கொள்கிறோம். அந்த ஆண்டு நிலுவையை நிர்வாகசபை தள்ளுபடி செய்தது. தள்ளுபடி அந்த ஆண்டோடு முடிந்தது என்பதைச் சிலர் கவனிக்கவில்லைபோலும். பெயர்களை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை. பட்டியல் என் சட்டைப்பையில் இருக்கிறது.

கணக்கு விபரத்தைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். சுருக்கமாகச் சொன்னால், வரவு எதிர்பார்த்ததைவிடக் குறைவு, செலவு எதிர்பார்த்த அளவில், கையிருப்பு அடுத்த சில மாத மண்டப வாடகைக்குப் போதுமானது. பேலியோலுக்கான பற்றுச்சீட்டுகள் அனைத்தும் சங்கக் கோவையில் உள்ளன. தச்சுப் பாஸ் பற்றுச்சீட்டு தரும் வழக்கமில்லாதவர் என்பதால் அந்தத் தொகைக்கு என் கையொப்பமிட்ட குறிப்பு வைக்கப்பட்டுள்ளது. கணக்காய்வாளர் அதை ஏற்றுக்கொண்டார்.

நூதனசாலை உத்தியோகத்தர்களுக்கும், மண்டபம் தந்த போசகருக்கும், கண்காட்சிக்கு இடம் தந்த பாடசாலை அதிபருக்கும், தேநீர் உபசாரத்துக்கு உதவியோருக்கும் நன்றி. என் துணைவியாருக்குத் தனியாக நன்றி கூற வேண்டும். அவணும் தூசி உறிஞ்சியும் அவருடையவை.

அடுத்த ஆண்டு பேலியோல் முடியும். அதன்பின் ஏர் சிலோன் விமானசேவை பறக்கவிட்ட அவ்ரோ 748 பயணிகள் விமானத்தை 1/32 அளவில் செய்யலாம் என்ற யோசனையை முன்வைக்கிறேன். அதற்கும் அந்த அளவில் பெட்டி இல்லை. இறக்கை மட்டும் 94 சென்ரிமீற்றர் வரும். யாழ்ப்பாணம் போய்வர அதில் ஏறிய உறுப்பினர்கள் நம்மிடையே இன்னும் சிலர் இருக்கிறார்கள், அவர்கள் இருக்கும்போதே செய்வது நல்லது.

செயலாளர் பதவிக்கு மீண்டும் போட்டியிடும் எண்ணம் எனக்கில்லை. வேறு எவரேனும் முன்வந்தால் கோவைகளையும் முத்திரையையும் கதுரு அச்சுகளையும் அரைகுறை விமானத்தையும் இன்றே ஒப்படைக்கத் தயார், வாகனம் கொண்டுவர வேண்டும். எவரும் முன்வராவிட்டால் சபையின் விருப்பத்தை மீற மாட்டேன். எவர் வந்தாலும் கண்ணாடிக்கூட்டுக்கான பிளாஸ்ரிக் தகட்டை இளக்க அவண் வேண்டும். பிளாஸ்ரிக் வாடை போகாததால் நத்தார் கேக்கை வெளியில் வாங்க நேர்ந்தது. அதன்பிறகு எங்கள் வீட்டு அவண் சங்கத்துக்குக் கிடையாது என்று எனக்கு அறிவிக்கப்பட்டிருக்கிறது. பாவித்த அவண் ஒன்று எவர் வீட்டிலாவது சும்மா கிடந்தால் சங்கம் நன்றியுடன் ஏற்கும். இல்லையேல் நிலுவைச் சந்தாவில் பாதி வந்தாலே ஒன்று வாங்கலாம். பொருளாளர் வாசலருகே பற்றுச்சீட்டுப் புத்தகத்துடன் அமர்ந்திருக்கிறார். மாற்றிய காசும் வைத்திருக்கிறார்.

இவ்வறிக்கையைச் சபை ஏற்றுக்கொள்ளுமாறு பிரேரிக்கிறேன். வழிமொழிய ஒருவர் தேவை.

செயலாளர்
கொழும்பு 06