ஆப்பிள தோலோட கடிச்சி சாப்பிடுங்க, மருந்த நிறுத்தாதீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நான் பினாங்கு ஜெலுத்தோங் பக்கம் பசார்ல 22 வருசமா பழக்கடை வச்சிருக்கேன். போன வாரம் புதன்கிழமை காலையில ஒரு அம்மா வந்தாங்க, நம்ம தமிழ் அம்மாதான், அறுபது வயசுக்கு மேல இருக்கும், கக்கத்துல உங்க பத்திரிகைய மடிச்சி வச்சிருந்தாங்க. ரெண்டு கிலோ ஆப்பிள் போடு தம்பின்னாங்க, என்னம்மா வீட்ல ஏதும் விசேசமான்னு கேட்டேன், விசேசம் இல்லப்பா, இனிப்பு நீருக்கு, அதான் சர்க்கர வியாதிக்கு, ஆப்பிள் ஜூஸ் ரொம்ப நல்லதாம், வாட்ஸ்அப்ல வந்துச்சு, வெறும் வயித்துல ரெண்டு கிளாஸ் குடிக்கிறேன், பத்து நாளா மாத்திரையவும் நிறுத்திட்டேன்னு சொன்னாங்க. எனக்கு பக்குன்னு ஆயிடுச்சு. ரெண்டு கிலோ போட்டுக் கொடுத்தா எனக்கு வியாபாரம்தான், ஆனா மனசு கேக்கல. நாலே நாலு ஆப்பிள் மட்டும் கொடுத்து, அம்மா முதல்ல கிளினிக்குப் போய் ரத்தத்த பாத்துட்டு வாங்கன்னு சொல்லி அனுப்பினேன், கூட்டம் வேற, அதுக்கு மேல நின்னு பேச முடியல. சொல்ல நெனச்சத எல்லாம் இங்க எழுதுறேன்.

ஏன்னா இதே தப்ப நாங்களும் பண்ணியிருக்கோம். என் மனைவிக்கு ஒம்பது வருசமா இனிப்பு நீர். ஆரம்பத்துல சீனிய நிறுத்தினோம், கோப்பி தே எல்லாம் கசப்பாவே குடிச்சா, அதுக்கு பதிலா பெட்டியில வர்ற ஆப்பிள் ஜூஸ், சீனி சேர்க்கலன்னு அதுலயே போட்டிருந்துச்சு, பழம்தானேன்னு தினமும் ரெண்டு கிளாஸ். அடுத்த தடவ கிளினிக்ல பாத்தா ரத்த சீனி 14-க்கு மேல, ரொம்பக் கூடுதல். அங்க இருந்த உணவு ஆலோசகர் ஒருத்தங்க பொறுமையா உக்கார வச்சி வெளக்கினாங்க, அன்னிக்குத்தான் எனக்கே புரிஞ்சிச்சு, அத்தன வருசம் பழம் வித்திருக்கேன், ஆனா பழத்துக்குள்ள என்ன இருக்குன்னு தெரியாமதான் வித்திருக்கேன்.

கணக்கு இதுதான். ஒரு நடுத்தர ஆப்பிள், 180 கிராம் சொச்சம் இருக்கும், அதுல 95 கலோரி, 19 கிராம் சீனி, நார்ச்சத்து 4 கிராமுக்கு மேல. ஒரு கிளாஸ் ஜூஸ், 240 மில்லி, அதுல சுமாரா 24 கிராம் சீனி, ஆறு டீஸ்பூன், ஆனா நார்ச்சத்து அரை கிராம்தான். சீனி ரெண்டுலயும் கிட்டத்தட்ட ஒண்ணுதானேன்னு கேக்கலாம். வேகத்துலதான் விசயமே இருக்கு. ஆப்பிள்ல பெக்டின்னு ஒரு நார் இருக்கு, ஜாம் கெட்டியாகுறதே அதனாலதான், அது வயித்துக்குள்ள போய் கொழகொழன்னு ஆகி சீனி ரத்தத்துல ஏறுறத மெதுவாக்கிடும். ஜூஸ் பிழிஞ்சி வடிகட்டுனா அந்த நார்தான் சக்கையோட குப்பைக்குப் போகுது. 1977-லயே லான்செட் மருத்துவ இதழ்ல இதப் பத்தி ஒரு ஆய்வு வந்திருக்கு, என் மக தேடி எடுத்துப் படிச்சிக் காட்டினா, ஒரே அளவு ஆப்பிள முழுசாவும் கூழாவும் ஜூஸாவும் கொடுத்துப் பாத்திருக்காங்க, ஜூஸ பழத்த விட 11 மடங்கு வேகமா குடிச்சி முடிச்சிட்டாங்களாம், இன்சுலின் அதிகமா ஏறியிருக்கு, அதனால கொஞ்ச நேரத்துல ரத்த சீனி சடார்னு கீழ விழுந்திருக்கு, வயிறும் நெறையல. என் மனைவி ஜூஸ் குடிச்ச நாள்ல பதினோரு மணிக்கெல்லாம் கைகால் வெலவெலக்குது ரொட்டி சானாய் வாங்கிட்டு வாங்கன்னு சொல்வா, அது ஏன்னு இத படிச்சப்பதான் எனக்குப் புரிஞ்சிச்சு.

2013-ல ஹார்வர்ட் ஆளுங்க பண்ண ஆய்வும் இருக்கு, ஒரு லட்சத்து 87 ஆயிரம் பேர பல வருசம் தொடர்ந்து பாத்தது. புளூபெரி, திராட்ச, ஆப்பிள் இதெல்லாம் முழுசா சாப்பிட்டவங்களுக்கு இனிப்பு நீர் வர்ற வாய்ப்பு கொறவா இருந்திருக்கு, பழ ஜூஸ் நெறைய குடிச்சவங்களுக்கு கூடுதலா இருந்திருக்கு. பழம் ஒண்ணுதான், பிழிஞ்சா ஒரு மாதிரி, கடிச்சா ஒரு மாதிரி. ஆனா இதுவும் இனிப்பு நீர் வராம இருக்கிறதப் பத்தினது, வந்தவங்க மருந்த விட்டுட்டு ஆப்பிள் சாப்பிட்டா சரியாயிடும்னு எங்கயும் சொல்லல. தினம் ஒரு ஆப்பிள் சாப்பிட்டா டாக்டரே வேணாம்னு வெள்ளக்காரன் பழமொழி ஒண்ணு இருக்குல்ல, அதையே 2015-ல அமெரிக்காவுல எட்டாயிரம் பேருக்கு மேல வச்சி சோதிச்சிருக்காங்க, தினம் ஆப்பிள் சாப்பிடுறவங்க டாக்டர்கிட்ட போறது ஒண்ணும் கொறயல, டாக்டர் எழுதிக் கொடுக்குற மருந்து மட்டும் கொஞ்சம் கம்மியாம். ஆப்பிள் நல்ல சாப்பாடு, அது மருந்து கெடையாது, பழம் விக்கிறவன் நானே சொல்றேன்.

அடுத்தது தோலு. பத்து பேர் வந்தா ஆறு பேர், அண்ணே தோல சீவிக் கொடுங்கம்பாங்க. நூறு கிராம் ஆப்பிள்ல தோலோட 2.4 கிராம் நார், சீவிட்டா 1.3 தான். குவெர்சட்டின்னு ஒரு நல்ல சத்து இருக்கு, அதுவும் பெரும்பாலும் தோல்லதான். மெழுகு பூசியிருக்கே அண்ணேன்னு பயப்படுறாங்க, ஞாயமான பயம்தான். ஆப்பிளுக்கு இயற்கையாவே மெழுகு உண்டு, ஏத்துமதிக்கு முன்னால கழுவும்போது அது போயிடும், அதனால திரும்ப மெல்லிசா பூசுவாங்க, அது சாப்பிடுற பொருளுக்குன்னே அனுமதிச்ச மெழுகு. கவல வேணும்னா பூச்சி மருந்துக்குத்தான் வேணும், அதுக்கும் வழி இருக்கு. அர லிட்டர் தண்ணியில ஒரு டீஸ்பூன் ஆப்பச் சோடா கலந்து 15 நிமிசம் ஊறப் போட்டு நல்லா கழுவுங்க. 2017-ல அமெரிக்காவுல மாசாசூசெட்ஸ் பல்கலைக்கழகத்துல சோதிச்சப்ப பச்சத் தண்ணிய விட இதுதான் மேல இருக்குற மருந்த நல்லா எடுத்திருக்கு. தோலுக்குள்ள ஊறிப் போனது கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், அதுக்காக தோலையே தூக்கிப் போடுறது எனக்கு சரியாப் படல.

இன்னொன்னு அசாம் போய் தூள், உப்புப் போட்டு காய வச்ச புளிப்பு ப்ளம் பழத்தோட தூள். வெட்டின ஆப்பிள் மேல அத கொட்டு கொட்டுன்னு கேக்குறாங்க, சின்னப் பசங்க கூட. அதுல பெரும்பாலும் உப்பும் சீனியும்தான். ரத்த அழுத்தம் இருக்குறவங்க கேட்டா நான் போட மாட்டேன், கோவிச்சிக்கிட்டுப் போறவங்க போகட்டும்.

நம்ம ஆளுங்க ஆப்பிள் வாங்குற அழகையும் சொல்லணும். நிச்சயதார்த்தம்னா சீர்வரிசத் தட்டுக்கு, தைப்பூசம் ஆயுத பூசன்னா சாமிக்கு, ஆஸ்பத்திரியில யாரும் படுத்திருந்தா பாக்கப் போறதுக்கு. எல்லாம் பளபளன்னு செவப்பா பெருசா வேணும், ஒரு புள்ளி இருக்கக் கூடாது. வாங்கினது தட்டுல இருக்கும், அப்புறம் ஐஸ் பெட்டியில இருக்கும், அப்புறம் சுருங்கிப் போய் குப்பையில இருக்கும். இது பாக்கவே எனக்கு வயித்தெரிச்சலா இருக்கும், தென்னாப்பிரிக்காவுல இருந்தும் சீனாவுல இருந்தும் கப்பல் ஏறி வர்ற பழம் அது. பூச முடிஞ்ச மறு நாளே கழுவி புள்ளைங்க கையில ஒண்ணு கொடுங்க, பள்ளிக்கூடப் பையில போடுங்க. வாழப்பழத்துக்குப் பக்கத்துல மட்டும் வைக்காதீங்க, ஆப்பிள்ல இருந்து வர்ற வாயு வாழப்பழத்த சீக்கிரமா கனிய வச்சிடும்.

டயலிசிஸ் பண்றவங்க சில பேர் எங்கிட்ட வாடிக்கையா வாங்குறாங்க, அவங்களுக்கு பொட்டாசியம் கூடிடக் கூடாது, வாழப்பழத்துல நூறு கிராமுக்கு 358 மில்லிகிராம், ஆப்பிள்ல 107 தான், அதனால டாக்டரே ஆப்பிள சொல்லி அனுப்புறாங்க. அளவு அவங்க சொன்னதுதான், நான் கூட ஒண்ணு போட மாட்டேன்.

2019-ல சுகாதார அமைச்சு எடுத்த தேசிய ஆய்வுல நாட்டுல பெரியவங்கள்ல 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர்னு வந்துச்சு, இந்தியர்கள மட்டும் பிரிச்சுப் பாத்தா 31.4 விழுக்காடு. மூணு பேர்ல ஒருத்தர்னு வச்சுக்கலாம். என் கடைக்கு முன்னால வரிசையில நிக்கிற நம்ம ஆளுங்கள பாக்கும்போதெல்லாம் இந்தக் கணக்குதான் எனக்கு ஞாபகம் வரும். அதே ஆய்வுல 95 விழுக்காட்டு மக்கள் பழமும் காய்கறியும் போதுமான அளவு சாப்பிடலன்னும் வந்திருக்கு. அமைச்சு சொல்றது ஒரு நாளைக்கு பழம் ரெண்டு பங்கு, ஒரு நடுத்தர ஆப்பிள் ஒரு பங்கு, கொய்யான்னா பாதி ஒரு பங்கு, அவ்வளவுதான்.

வெல கட்டலன்னு சொல்றவங்களுக்கு ஆப்பிள்தான் வேணும்னு இல்ல. 2025 ஜூலைல வெளிநாட்டுப் பழங்களுக்கு விற்பன வரி வந்தப்ப ஆப்பிளுக்கும் வருதுன்னு பயந்தோம், கடைசி நேரத்துல ஆப்பிள், ஆரஞ்சு, பேரிச்சம்பழத்த எல்லாம் விட்டுட்டாங்க, அது வரைக்கும் நல்லது. ஆனாலும் கையில காசு கொறவா இருந்தா பீடோர் கொய்யா வாங்குங்க, வைட்டமின் சி-ல ஆப்பிள் கொய்யா கிட்ட நிக்கவே முடியாது, ஆப்பிள்ல நூறு கிராமுக்கு 5 மில்லிகிராம் கூட இல்ல, கொய்யாவுல 200-க்கு மேல, நாரும் ரெண்டு மடங்கு. எனக்கு ஆப்பிள்ல லாபம் கூட, இருந்தாலும் உண்மை இதுதான்.

ஐயா, உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். எந்தப் பழம் எவ்வளவு சாப்பிடலாம்னு என் மனைவிக்கு கிளினிக்ல கொடுத்த தாள் மலாய்ல இருந்துச்சு, எங்க வீட்ல மக இருக்கா படிச்சிச் சொல்ல, எல்லா வீட்லயும் அப்படி ஆள் இல்ல. ஞாயிறு மலர்ல அரைப் பக்கம் ஒதுக்கி, டாக்டர் ஒருத்தர்கிட்ட கேட்டு, தமிழ்ல பெரிய எழுத்துல போடுங்க, வெட்டி ஐஸ் பெட்டி கதவுல ஒட்டி வைக்கிற மாதிரி.

அந்த அம்மா இன்னும் கடைப் பக்கம் வரல. அம்மா, உங்க பேரு எனக்குத் தெரியாது, நீலக் கொட புடிச்சிக்கிட்டு வந்தீங்க. இத படிச்சீங்கன்னா இன்னிக்கே கிளினிக்குப் போய் மாத்திரைய திரும்ப ஆரம்பிங்க. அப்புறம் கடைக்கு வந்து ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க.

இப்படிக்கு,
பழக்கடைக்காரர்,
ஜெலுத்தோங், பினாங்கு