செயலாளரின் ஆண்டறிக்கை: புடாபெஸ்ட்டில் ஓர் உணவு நடை

அன்புள்ள உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

புடாபெஸ்ட்டில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் இந்தச் சிறிய சங்கத்தின் சென்ற ஆண்டுச் செயல்பாடுகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி மூன்று விழாக்களும் வழக்கம்போல நடந்தன. பிள்ளைகளின் தமிழ் வகுப்பு தடையின்றி நடக்கிறது. படிக்க வந்த மாணவர்களுக்கு வீடு பார்ப்பதிலும் விசா வேலைகளிலும் முடிந்தவரை உதவினோம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சென்ற ஆண்டில் நாம் புதிதாகச் செய்தது செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை நடத்திய ஹங்கேரிய உணவு நடை. அடுத்த செயற்குழுவுக்குப் பயன்படும் என்பதால் அதை மட்டும் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நம்மில் பலர் இந்த ஊருக்கு வந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. ஆனாலும் வீட்டுச் சமையல், வேலைக்குக் கட்டிக்கொண்டு போகும் டப்பா, விருந்தினர் வந்தால் ஓர் இந்திய உணவகம் என்றே காலம் ஓடுகிறது. ‘இங்கே நமக்குச் சாப்பிட என்ன இருக்கிறது, எல்லாம் பன்றிக்கறிதானே’ என்ற பேச்சு ஒவ்வொரு கூட்டத்திலும் வருகிறது. அது சரியில்லை என்பது என் உறுதியான எண்ணம். கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள் பக்கத்து வீட்டுப் பாட்டி சிவக்கச் சிவக்க மீன் சூப் கொண்டுவந்து கொடுத்தால், இது பாயா ஊர்ப் பக்குவமா, ஸெகெத் பக்குவமா என்று கேட்கவாவது தெரிய வேண்டாமா? பாயாக்காரர்கள் அதில் நூடுல்ஸ் போடுவார்கள்.

நடத்திச் சென்றவர் ஸெகெத் ஊரில் வளர்ந்த ஒரு வழிகாட்டி அம்மையார். யார் யார் எதைச் சாப்பிடுவார்கள், எதைத் தொடமாட்டார்கள் என்று இரண்டு வாரம் முன்பே எழுதி வாங்கிக்கொண்டார். அது பெரிய உதவி. ஹங்கேரியச் சமையலில் பன்றிக்கொழுப்பு பழைய காலத்திலிருந்தே தாளிக்கும் கொழுப்பாக இருந்திருக்கிறது. பார்த்தால் சைவமாகத் தெரியும் பீன்ஸ் சூப்பிலும் புகையூட்டிய இறைச்சி கிடக்கும். கேட்காமல் வாங்கக் கூடாது. அவர் ஒவ்வொரு கடையிலும் நமக்காகக் கேட்டுச் சொன்னார். சைவக் குடும்பங்களும் கடைசி வரை நிம்மதியாக வந்தார்கள்.

ஃபோவாம் சதுக்கத்தில் இருக்கும் பெரிய சந்தைக் கூடத்தில் தொடங்கினோம். ஷமு பெட்ஸ் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து 1897இல் திறந்த கூடம். கூரையில் ஜோல்னாய் தொழிற்சாலையின் வண்ண ஓடுகள். தரைத்தளம் முழுக்க காய்கறி, இறைச்சி, சலாமி, அப்புறம் சரம் சரமாகத் தொங்கும் பாப்ரிகா மிளகாய்.

பாப்ரிகாவைப் பற்றி நம் ஆட்களிடம் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. மிளகாய்த்தூள் என்று நினைத்து வாங்கி, காரமே இல்லையே என்று அலமாரியில் போட்டுவிடுகிறோம். காரத்துக்காகப் போடும் பொருள் இல்லை அது. நிறத்துக்கும் இனிப்பு கலந்த மணத்துக்கும் போடுவது. காரமான வகையும் உண்டு, அதற்கு வேறு பெயர், வேறு பொட்டலம். மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கிளம்பி, துருக்கியர் ஆட்சிக் காலத்தில் ஹங்கேரிக்குள் வந்தது. விதையையும் உள்நரம்பையும் நீக்கி அரைத்துக் காரத்தைக் குறைக்கும் முறை 19ஆம் நூற்றாண்டில் ஸெகெத்தில் பரவியது. கலோச்சாவும் ஸெகெத்தும் இன்றும் பாப்ரிகாவுக்குப் பேர்போன ஊர்கள். ஸெகெத்தில் வேலை பார்த்த விஞ்ஞானி ஆல்பெர்ட் ஸென்ட்-ஜ்யோர்ஜி வைட்டமின் சி-யை நிறையப் பிரித்தெடுத்தது அந்த ஊர்ப் பாப்ரிகாவிலிருந்துதான். 1937இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

வழிகாட்டி அம்மையார் ஒரு கடைக்காரரிடம் இரண்டு தட்டுகளில் தூளைக் கொட்டச் சொன்னார். ஒன்று அந்த ஆண்டு அறுவடை, இன்னொன்று பழையது. புதியது ஈரமான செம்மண் நிறத்தில் பளிச்சென்று இருந்தது. பழையது பழுப்பேறி, மூக்கருகே கொண்டுபோனாலும் மணமில்லை. வெங்காயம் கொழுப்பில் கண்ணாடி போல வதங்கியதும் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டுத்தான் பாப்ரிகா போட வேண்டும் என்றார். அதில் சர்க்கரைச் சத்து இருப்பதால் சூட்டில் உடனே கருகிக் கசந்துவிடும். நிறம் கொழுப்பில்தான் கரையும் என்பதால் தண்ணீரில் நேராகப் போட்டும் பயனில்லை. பலர் வீட்டில் இதைச் செய்து பார்த்துவிட்டு என்னிடம் தொலைபேசியில் சொன்னார்கள்.

கீழ்த்தளத்துக்குப் பயணிகள் அதிகம் இறங்குவதில்லை. என்னைக் கேட்டால் சந்தையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. வரிசையாக ஊறுகாய்க் கடைகள். முட்டைக்கோஸ் அடைத்த மிளகாய், வெள்ளரி, தர்ப்பூசணிப் பிஞ்சு, வெங்காயம். கண்ணாடிச் சாடிகளுக்குள் காய்களை மனித முகம் போல அடுக்கி வைத்திருப்பார்கள். பிள்ளைகள் அந்த இடத்தைவிட்டு நகரவே இல்லை. கோடைக்கால வெள்ளரி ஊறுகாயில் வினிகர் கிடையாது. உப்புத்தண்ணீர், சோயிக்கீரை (டில்) தண்டு, பூண்டு, மேலே ஒரு துண்டு ரொட்டி, அவ்வளவுதான். சாடியைச் சன்னலோரம் வெயிலில் சில நாள் வைத்தால் புளித்துவிடும். நம் வீட்டு மாவடு போலவே உப்பும் பொறுமையும் செய்கிற வேலை. சாடியில் மிஞ்சும் கலங்கல் தண்ணீரையும் கொட்டாமல் குடிக்கிறார்கள். கடைக்கார அம்மா ஒரு குவளையில் ஊற்றித் தந்தார். நம்மில் மூத்தவர்கள் இரண்டாவது குவளை கேட்டு வாங்கினார்கள்.

மாடியில் லாங்கோஷ். புளித்த மாவைத் தட்டிப் பொரித்து, பூண்டுத்தண்ணீர் தடவி, புளிப்புக் கிரீமும் துருவிய சீஸும் போட்டுத் தருவார்கள். ருசியில் குறையில்லை. ஆனால் அந்த நெரிசலில் நின்றுகொண்டு சாப்பிடுவது முதியவர்களுக்குச் சிரமம். அடுத்த முறை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளலாம்.

அங்கிருந்து கால்வின் சதுக்கம், மியூசியம் சாலை வழியாக மெதுவாக நடந்தோம். மதிய உணவு சுற்றுலா உணவகத்தில் இல்லை, அக்கம்பக்கத்து வேலையாட்கள் சாப்பிடும் ஒரு சின்னக் கடையில். இதை வற்புறுத்தியவன் நான், அதில் எனக்கு மகிழ்ச்சி. அங்கே இருவகைச் சாப்பாடு. அசைவத்துக்கு குயாஷ், அதாவது நாம் குலாஷ் என்று சொல்வது. இங்கே அது நீர்த்த சூப். மாட்டிறைச்சி, வெங்காயம், உருளைக்கிழங்கு, சீமைச் சோம்பு, கிள்ளிப் போட்ட மாவுத்துண்டுகள். பெரும் புல்வெளியில் மாடு மேய்த்தவர்கள் தொங்கும் கொப்பரையில் சமைத்த உணவு. உலகம் முழுக்க குலாஷ் என்று கெட்டியாகப் பரிமாறுவதற்கு இங்கே பெர்கெல்ட் என்று பெயர்.

சைவத்துக்கு ஃபேஸெலேக். பச்சைப் பட்டாணியோ சுரைக்காயோ பயறோ, ஏதாவது ஒரு காயை வேகவைத்து, மாவோ புளிப்புக் கிரீமோ சேர்த்துக் கெட்டியாக்குவது. ஹங்கேரியப் பள்ளிக்கூடச் சாப்பாட்டில் எல்லாரும் சாப்பிட்டு வளர்ந்தது. விளம்பரப் பலகைகளில் இதைப் பார்க்க முடியாது. சோயிக்கீரை போட்ட சுரைக்காய் ஃபேஸெலேக்கை ஒரு வாய் வைத்ததும் ‘இத்தனை வருஷம் இது தெரியாமல் போச்சே’ என்று ஒரு அம்மா சொன்னார். ‘நமக்கு ஒன்றும் இல்லை’ என்ற பேச்சுக்கு இதைவிட வேறு பதில் எனக்குத் தெரியவில்லை.

குடிக்கிற விஷயத்தில் செயற்குழுவில் கருத்து வேறுபாடு இருந்ததால் விருப்பமுள்ள பெரியவர்களுக்கு மட்டும் என்று முடிவு செய்தோம். ஃப்ரெச் என்பது திராட்சை மதுவில் சோடா கலப்பது. அளவுக்கு அளவு தனிப் பெயர் உண்டு. ஒரு டெசிலிட்டர் மதுவுக்கு ஒன்று சோடா என்றால் சிறிய ஃப்ரெச், இரண்டுக்கு ஒன்று என்றால் பெரியது. சோடாவைப் பெருமளவில் தயாரிக்கும் வழியை இங்கே கண்டவர் ஆன்யோஷ் யெட்லிக் என்ற பெனடிக்டின் துறவி, இயற்பியல் அறிஞரும்கூட. பிள்ளைகளுக்கு அதே சோடாவில் ராஸ்பெர்ரி பாகு கலந்து கொடுத்தார்கள். பாலிங்கா என்ற பழச்சாராயத்தைச் சிலர் ருசி பார்த்தார்கள். ஹங்கேரியில் விளைந்த பழத்தில், இங்கேயே வடித்து, இங்கேயே பாட்டிலில் அடைத்தால்தான் அந்தப் பெயரைப் போடலாம் என்று 2008இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது.

நடை ஏழாவது வட்டத்து யூதர் பகுதியில் முடிந்தது. கசகசா, ஆப்பிள், வால்நட், பிளம் ஜாம் நான்கும் அடுக்கடுக்காக வைத்துச் சுட்ட ஃப்லோத்னி என்ற பலகாரத்தை அங்கே சாப்பிட்டோம். கனமான இனிப்பு, ஒரு துண்டை இருவர் பகிர்ந்தால் போதும். கிளாவுசால் சதுக்கத்தில் வழிகாட்டி அம்மையார் சற்று நின்றார். 1944 கடைசியிலிருந்து 1945 ஜனவரி வரை இந்தத் தெருக்களைச் சுவரெழுப்பி அடைத்து யூத மக்களை உள்ளே வைத்திருந்ததைச் சொன்னார். பிள்ளைகள் நிறையக் கேள்வி கேட்டார்கள். அவர் அவசரப்படாமல் பதில் சொன்னார்.

குறைகளையும் பதிவு செய்ய வேண்டும். ஒரே கூட்டமாகப் போனதால் பின்னால் நின்றவர்களுக்கு விளக்கம் கேட்கவில்லை. முன்பதிவு செய்திருந்தும் ஓரிடத்தில் நெடுநேரம் வெளியே நிற்க வைத்தார்கள். கைக்குழந்தையோடு வந்தவர்கள் பாடுபட்டார்கள். அடுத்த முறை இரண்டு குழுக்களாகப் பிரிப்பதும், உட்கார இடம் உறுதியான கடைகளை மட்டும் எடுப்பதும் நல்லது.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு வைக்கும் திட்டங்கள் இவை. வசந்த காலத்தில் இதே நடையை மீண்டும் நடத்துவது. கோடையில் ஒரு பூங்காவில் அனுமதி பெற்று, கொப்பரையில் நாமே குயாஷும் பக்கத்தில் ஒரு சைவப் பாத்திரமும் சமைப்பது. அக்டோபர் கடைசியில் தோகாய் என்ற திராட்சை மதுப் பகுதிக்கு ஒரு பயணம். பூஞ்சை படர்ந்து கொடியிலேயே சுருங்கிய திராட்சையை அங்கே ஒவ்வொன்றாகக் கையால் பறிப்பார்கள். அக்டோபர் 28, சிமோன்-யூதா நாள்தான் அங்கே வழிவழியாக அறுவடை தொடங்கும் நாள். 2002 முதல் அந்தப் பகுதி யுனெஸ்கோ பட்டியலிலும் இருக்கிறது.

இந்த மூன்றுக்கும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன். வசந்த கால நடைக்கு வர விரும்புவோர் பெயரோடு, சைவமா அசைவமா, எந்த உணவு ஒத்துக்கொள்ளாது என்பதையும் இந்த மாதக் கடைசிக்குள் எழுதித் தந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்