பலகைகளுக்குச் சீட்டு எழுத வா

அன்புள்ள பாப்பா,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது தேவலை. நான் எழுத வந்தது வேறு விஷயம்.

நீ தாத்தா என்று கூப்பிட்டே வளர்ந்த நம் பக்கத்துப் பண்ணைக்காரர், தன் சேகரிப்பு முழுவதையும் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட முடிவு செய்திருக்கிறார். முள்கம்பித் துண்டுகளைக் கட்டிய பலகைகள், மாட்டுக்குச் சூடு போடும் கோல்கள், சேணங்கள், குதிரைக்காரர்கள் பூட்ஸில் மாட்டும் ஸ்பர்கள் எல்லாம். பாதிக்கு மேல் இது என்ன, யாருடையது என்று சொல்லும் சீட்டே இன்னும் இல்லை. கை நடுக்கம் கூடிப்போய் அவரால் பேனா பிடிக்க முடியவில்லை. "பள்ளிக்கூடம் போகிற காலத்தில் எனக்கு எழுதிக் கொடுத்தாளே உன் மகள், அவளுக்கு நேரம் இருக்குமா?" என்று போன வாரம் கேட்டார். கேட்டுச் சொல்கிறேன் என்றேன். நீ வர வேண்டும் என்பதுதான் என் ஆசை.

உனக்கு அவரை ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்த தாத்தாவாகத்தான் தெரியும். அவர் வாழ்க்கையில் எனக்குத் தெரிந்ததை உனக்குச் சொல்லியாக வேண்டும்.

அவருடைய முன்னோர் ரஷ்யாவில் வோல்கா ஆற்றங்கரையில் இருந்த ஜெர்மானியர்கள். 1876 வாக்கில் அமெரிக்காவுக்கு, கான்ஸாஸ் மாநிலத்தின் இந்தப் பக்கம் வந்து இறங்கினார்கள். 1862ஆம் வருஷச் சட்டப்படி குடியேறுபவர்களுக்கு அரசாங்கத்திடமிருந்து 160 ஏக்கர் கிடைக்கும். 5 வருஷம் அங்கேயே குடியிருந்து பயிர் செய்தால் நிலம் சொந்தம். நிலம் கிடைத்தது, மரம்தான் இல்லை. வேலிக்கு என்ன செய்வது? மண்ணை அரை ஆள் ஆழம் தோண்டினால் சுண்ணாம்புப் பாறை. வெட்டியெடுக்கும்போது மிருதுவாக இருக்கும், காற்றுப் பட்டால் இறுகிவிடும். வரிசையாகத் துளை போட்டு, இரும்பு ஆப்புகளை இறக்கி, ஒன்று மாற்றி ஒன்றாகத் தட்டிக்கொண்டே போனால் கல் நேர்கோட்டில் பிளக்கும். அப்படித்தான் நம் வீட்டுக்குப் போகிற சாலையில் இரண்டு பக்கமும் கல்லுக்கால்கள் நிற்கின்றன. முதன்முதலில் அவற்றைப் பார்த்தபோது எனக்குக் கோவில்பட்டிப் பக்கத்துத் தோட்டங்கள்தான் ஞாபகம் வந்தன. அவரும் நானும் பேச ஆரம்பித்ததே அந்தக் கல்லுக்கால்களை வைத்துத்தான். அப்புறம் மழை. அவரும் மானாவாரிக்காரர், என் அப்பாவும் மானாவாரிக்காரர். வானத்தைப் பார்த்துப் பேச எங்களுக்கு எப்போதும் ஏதாவது இருந்தது.

21 வயதில், 1968ல், அவருக்கு ராணுவ அழைப்பு வந்தது. வியட்நாமில், சைகோனுக்கு வடக்கே லாய் கே என்ற இடத்தில் முதலாம் காலாட்படை டிவிஷனில் இருந்தார். ரப்பர் தோட்டத்துக்கு நடுவே அமைந்த முகாம். பண்ணையில் வளர்ந்தவன், கம்பி இழுக்கத் தெரிந்தவன் என்று முகாமைச் சுற்றி முள்கம்பி போடும் வேலையில் விட்டார்களாம். பகலில் சுருள் சுருளாகக் கம்பியை விரிப்பது, ராத்திரி அதே கம்பியில் ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று விழித்திருப்பது. இதை என்னிடம் அவர் சொல்லப் பல வருஷங்கள் ஆயின. கூட இருந்து திரும்பாதவர்களைப் பற்றி இன்றுவரை சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

நீ அவருடைய பலகைகளைக் கவனித்திருக்கிறாயா? போர்க்களக் கம்பி ஒன்றுகூட அதில் கிடையாது. இந்தச் சேகரிப்பாளர்களில் பலர் முதல் உலகப் போர்க் கம்பியைத் தேடித் தேடி வாங்குவார்கள். இவருக்குச் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். "மாட்டுக்குப் போட்ட கம்பி மட்டும் போதும் எனக்கு" என்பார்.

போரிலிருந்து திரும்பி வந்து தன் அப்பாவின் நிலத்திலேயே கோதுமை விதைத்தார். செப்டம்பர் கடைசியில் விதைப்பு, பனிக்காலம் முழுக்கப் பயிர் தரையோடு ஒட்டிக் கிடக்கும், ஜூனில் அறுவடை. சேகரிக்க ஆரம்பித்தது 1980களில். வட்டி ஏறி, நிலத்தின் மதிப்பு விழுந்து, கடன் வாங்கியிருந்த பண்ணைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏலத்துக்கு வந்த காலம். டிராக்டரும் அறுவடை இயந்திரமும் முதலில் போகும். கடைசியில், வைக்கோல் வண்டியின் மேல் குவித்து வைத்த சில்லறைச் சாமான்கள்: துருப்பிடித்த கம்பி, பழைய கடிவாளம், சூட்டுக்கோல், உடைந்த ஸ்பர். பழைய இரும்புக்காரர் மட்டும்தான் அதற்குக் கேட்பார். அந்தக் குவியலை இவர் வாங்க ஆரம்பித்தார். அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் பாட்டன் காலத்திலிருந்து மாட்டுக்குச் சூடு போட்ட கோல் உருக்காலைக்குப் போவதை அவரால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. அந்த வீட்டுப் பேரப்பிள்ளைகள் பிற்பாடு தேடி வந்தபோது காசு வாங்காமல் திருப்பிக் கொடுத்தும் இருக்கிறார். நல்ல சேகரிப்பாளர் என்று ஊரில் பெயர் வாங்கியவர்களில் எத்தனை பேர் அப்படிச் செய்வார்கள்?

சூட்டுக்கோல் எழுத்தைப் படிக்க உனக்கு அவர்தானே சொல்லிக்கொடுத்தார்? இடமிருந்து வலம், மேலிருந்து கீழ், வெளியிலிருந்து உள்ளே. படுத்த எழுத்து என்றால் லேஸி, இறக்கை இருந்தால் ஃப்ளையிங், அடியில் வளைவு இருந்தால் ராக்கிங். நீ பள்ளி நோட்டு முழுக்க அதையே வரைந்து வைத்திருந்தாய்.

ஸ்பர்களில் கம்பெனி முத்திரை உள்ளவற்றுக்குத்தான் சந்தையில் விலை. இவருக்குப் பிடித்தவை ஊர்க் கொல்லர் வண்டி வில்லையும் பழைய அரத்தையும் காய்ச்சி அடித்தவை. முத்திரை இருக்காது, செய்தவர் பெயரும் இருக்காது. எந்தப் பட்டறை, யாருக்காக அடித்தது என்று இவருக்கு மட்டும் தெரியும், பாப்பா. நான் உன்னை அவசரப்படுத்துவது இதற்காகத்தான்.

கம்பிகளும் அப்படியே. இலினாய்ஸில் டி கால்ப் ஊர் விவசாயி ஜோசப் கிளிடன் 1874 நவம்பர் 24ல் முள்கம்பிக்குப் பேட்டண்ட் வாங்கினார். ஒரு கம்பியில் முள்ளைச் சுற்றி, இன்னொரு கம்பியை அதோடு முறுக்கிவிட்டால் முள் நகராது, அவ்வளவுதான் அவர் செய்தது. அதற்கு எத்தனை வழக்கு! 1892ல் உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் முடிந்தது. அதற்குள் ஆளாளுக்கு ஒரு முள் கண்டுபிடித்துவிட்டார்கள். தட்டையான பட்டைக் கம்பி, நாலு முனைக் கம்பி, ஹாட்ஜ் என்பவர் 1887ல் செய்த ஸ்பர் சக்கரம் வைத்த கம்பி. பக்கத்து லா கிராஸ் அருங்காட்சியகத்தில் 2,000 வகைக்கும் மேல் இருக்கின்றன. 18 அங்குலத் துண்டாக வெட்டிப் பலகையில் கட்டுவது சேகரிப்பாளர்கள் வழக்கம். முள்ளின் வடிவத்தைப் பார்த்துப் பேட்டண்ட் எண்ணைப் புத்தகத்தில் யாரும் கண்டுபிடித்துவிடலாம். அது எந்த நிலத்து வேலி, யார் இழுத்தது, எந்த வருஷம் கழற்றினார்கள் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அது போய்விட்டால் பலகையில் மிஞ்சுவது வெறும் இரும்பு.

காலேஜ் போன பிறகு ஒரு தடவை நீ அவரிடம் நேராகவே கேட்டாய்: இந்த வேலிகளுக்கு முன்னால் இது யாருடைய நிலம், அதை எங்கே எழுதியிருக்கிறீர்கள் என்று. எனக்கு அன்றைக்குச் சங்கடமாக இருந்தது. அவர் கோபப்படவில்லை. இப்போது முதல் பலகைக்கு என்ன எழுத வேண்டும் என்று அவரே சொல்லியிருக்கிறார்: ஷையன், அரபாஹோ, கயோவா, கொமாஞ்சி என்ற பூர்வகுடி மக்கள் காட்டெருமையோடு திரிந்த நிலம், 1867ல் அரசாங்கம் அவர்களோடு செய்த மெடிசின் லாட்ஜ் ஒப்பந்தம் அவர்களைத் தெற்கே தள்ளியது, கம்பி அதற்கப்புறம்தான் வந்தது. 1886 ஜனவரிப் பனிப்புயலையும் எழுதச் சொல்கிறார். காற்றுக்கு முதுகைக் காட்டி நடந்த மாடுகள் வேலியில் முட்டி, அதற்கு மேல் போக வழியில்லாமல் குவியல் குவியலாகச் செத்த கதை. கம்பியைப் பெருமையாக மட்டும் காட்டக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருக்கிறார். நீ கேட்ட கேள்வி அவருக்குள் இத்தனை வருஷம் இருந்திருக்கிறது.

நடுக்கத்துக்குக் காரணம் பார்க்கின்சன். வியட்நாமில் ஏஜண்ட் ஆரஞ்ச் என்ற களைக்கொல்லியைத் தெளித்த இடங்களில் இருந்தவர்களுக்கு இந்த நோய் வந்தால் போர்ச் சேவையோடு தொடர்புடையதாக எடுத்துக்கொள்வோம் என்று அரசாங்கம் 2010ல் ஒப்புக்கொண்டது. உதவித்தொகை வருகிறது. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டார். ஆனாலும் தினம் வயல் ஓரம் போய் ஒரு கதிரை ஒடித்து, அந்த நடுங்கும் கையாலேயே கசக்கி, மணியை வாயில் போட்டுப் பார்க்கிறார். ஞாபகம் கூர்மையாக இருக்கிறது. குரல்தான் வரவர மெலிகிறது. சாயங்காலத்தில் சோர்ந்துபோகிறார், காலையில் தெளிவாகப் பேசுவார்.

அதனால் ஒரு வாரம் லீவு போட்டு வா. அறுவடை முடிந்து, ஜூலை முதல் பாதி நல்லது. அதற்கு முன்னால் ஊரில் யாருக்கும் தலை நிமிர நேரம் இருக்காது. டென்வர் வந்துவிட்டால் அங்கிருந்து நம் பக்கத்து ஊரான ஹேஸுக்கே விமானம் இருக்கிறது, நான் வந்து அழைத்துக்கொள்கிறேன். உன் போனில் அவர் பேசுவதைப் பதிவு செய்யலாம், சீட்டு மட்டும் கையால் எழுது. பென்சிலில் எழுதினால்தான் மங்காது என்று அருங்காட்சியகத்துக்காரர்கள் சொல்லி, அமிலமில்லாத காகிதமும் கொடுத்திருக்கிறார்கள். கம்பியைத் தொடக் கனமான கையுறை நான் வாங்கி வைக்கிறேன். துருவைச் சுரண்டக் கூடாது, அது உனக்கே தெரியும்.

எந்தத் தேதி தோதுப்படும் என்று இந்த வாரமே சொல், அவரிடம் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
அப்பா